கரைச்சோறு

அன்றைக்குத் துரைக்கண்ணு கடலுக்குப் போயிருக்கவே வேண்டாம். பிற்பகல் மூன்று மணி பஸ்ஸில் பெண்டாட்டி செவ்வந்தி வரப்போகிறாள், கையில் பிள்ளையோடு. பிறந்து நாற்பது நாள் ஆன தன் தலைச்சன் பிள்ளையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் வேறு யாராயிருந்தாலும் குளித்துத் தலை வாரிக்கொண்டு கரையில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவனுக்கு உட்கார முடிந்தால்தானே? விடிவதற்குள் குடிசையைச் சுற்றி எட்டு நடை நடந்துவிட்டான். பார்த்துப் பார்த்து எரிச்சலான கண்ணாத்தாள்தான் அவனைத் துரத்திவிட்டாள்.

"இப்படி நடந்தா மூணு மணி சீக்கிரம் வந்துடுமா? அண்ணங்கூடப் போயி ரெண்டு பால்சுறா புடிச்சிட்டு வா. பச்ச ஒடம்புக்காரிக்குப் புட்டு வச்சுக் குடுத்தா பால் நல்லா ஊறும்."

கண்ணாத்தாள் மீனவர் ரெத்தினத்தின் மனைவி. காவிரி கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று வடக்கே, பூம்புகாரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் மணலில் கால் புதைய நடந்தால் வருகிற குப்பம் அவர்களுடையது. துரைக்கண்ணு அந்தக் குப்பத்து ஆள் இல்லை. நீடாமங்கலத்துப் பக்கம் நெல்லறுக்கும் கூலிக்காரன். ஒவ்வொரு அறுவடைக்கும் கண்ணாத்தாள் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவன் தெருவுக்குப் போவாள். கருவாட்டைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொள்வாள். பொழுது சாய்ந்துவிட்டால் செவ்வந்தி வீட்டிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். அந்தப் பழக்கம்தான் இப்போது அவனுக்கு இடம் கொடுத்திருந்தது.

நடந்தது இதுதான். ஆட்சி மாறி நாலு வருஷம் ஆகியிருந்தது. நிலத்துக்கு உச்சவரம்பு என்று புதுச் சட்டமும் வந்திருந்தது. சட்டம் வந்த சூட்டோடு பண்ணையார் குஞ்சிதபாதம் தன் நிலத்தைப் பிறந்த பேரன், பிறக்காத பேரன் எல்லார் பேரிலும் எழுதிவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டார். ஆட்கள் கேட்டது நிலம்கூட இல்லை. அறுத்த கலத்துக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கூலி. அதைக் கொடுக்க மனமில்லாமல் போன ஐப்பசி குறுவை அறுப்புக்கு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் தள்ளுமுள்ளு. அந்தக் களேபரத்தில் பண்ணை ஏஜெண்டின் முழங்கையில் வெட்டு விழுந்தது. வெட்டியது யார் என்று அந்த முழங்கைக்கே தெரியாது. ஆனாலும் தெருவில் சங்கம் வைத்தவன் என்று துரைக்கண்ணு பேரைத்தான் முதலில் எழுதினார்கள். கொலை முயற்சி வழக்கு. அவன் அரிவாள் அன்றைக்கு இடுப்பை விட்டு வெளியே வரவே இல்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆறு மாசக் கர்ப்பிணியாக நின்ற செவ்வந்தியிடம் "வந்துருவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெண்ணாற்றங்கரையோடு நடந்தவன்தான்.

நாலு மாசமாக ரெத்தினத்தின் கட்டுமரத்தில் அவன் இரண்டாவது ஆள். கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. முதல் ஒரு மாசம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அப்புறம் பழகியது என்றில்லை, வாந்தி எடுத்துக்கொண்டே துடுப்புப் போடப் பழகிக்கொண்டான். இடுப்புக்குப் பின்னால் கருக்கருவாளைச் செருகிக்கொள்கிற வழக்கத்தை மட்டும் விடவில்லை. பல் பல்லாக வெட்டிய, நெல் தாளை அறுக்கிற சின்ன அரிவாள் அது. காலையில் எழுந்ததும் வேட்டி கட்டுகிற மாதிரி கை தானாகவே அதைச் செருகிவிடும்.

"தம்பி, இன்னிக்கு எத்தனை மா நெலம் அறுப்பு?" என்று ரெத்தினம் தினமும் கேட்பார். அன்றைக்கும் கேட்டார். துரைக்கண்ணு சிரித்தான். அன்றைக்கு அவன் எதற்கும் சிரிப்பான்.

மாசி மாதத்துக் கடல் குளம் மாதிரி கிடந்தது. இரண்டு மணி நேரத்தில் நல்லதாக இரண்டு பால்சுறா விழுந்துவிட்டன. "உன் பொண்டாட்டிக்கு அதிர்ஷ்டம்தான்" என்று ரெத்தினம் அவற்றைப் பனையோலைப் பறியில் போட்டார்.

அப்போதுதான் விமானம் வந்தது. அந்த மாசம் முழுக்க ராணுவ ஜெட்டுகள் அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தன. யாரும் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. நிமிர்ந்து பார்க்க வைத்தது அதன் சத்தம் இல்லை, சத்தம் நின்றுபோனதுதான். மேற்கே கரைப் பக்கமிருந்து வந்த விமானம் சட்டென்று ஊமையாகிவிட்டது. பின்னால் ஒரு கறுப்புப் புகை. மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் தலைக்கு மேல் கடலைப் பார்க்கப் போயிற்று. பட்டென்று ஒரு வெடி. ஏதோ ஒன்று அதிலிருந்து தெறித்து மேலே போனது. விமானம் மட்டும் தனியாகப் போய்த் தூரத்தில் விழுந்து, வெள்ளையாகத் தண்ணீர் எழும்பி அடங்கியது.

"குண்டு போடுறான்ணே" என்றான் துரைக்கண்ணு. சண்டை வரப்போகிறது என்று டீக்கடை ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

ரெத்தினம் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். தெறித்துப் போனதற்கு மேலே வெள்ளைக் குடை விரிந்திருந்தது. "குண்டுக்கு ஏதுடா காலு? ஆளு தொங்குறான் பாரு" என்றார்.

வலையை மிதக்க விட்டுவிட்டு இருவரும் துடுப்பை வலித்தார்கள். குடை கடலில் இறங்கியது. இறங்கினால் அதோடு முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. கரைக்காற்று குடைக்குள் புகுந்துகொண்டு அந்த ஆளைத் தண்ணீர் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிற்று. மஞ்சள் மிதவைச் சட்டை போட்டிருந்தும் முகம் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. ஒரு கை மட்டும் குடையைக் கழற்ற நெஞ்சில் எதையோ பிடித்துத் திருகிப் பார்த்தது. திருகத் திருக அந்தக் கையும் ஓய்ந்துகொண்டே வந்தது.

துரைக்கண்ணு குதித்துவிட்டான். ஆற்றில் நீந்தியவன்தான், கடலில் அவன் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. ரெத்தினம் போட்ட கெட்ட வார்த்தை அலையில் கரைந்துபோனது. கிட்டே போனால் நூறு கயிறு. மெல்லிசாக, வழவழவென்று, இழுத்து நிறுத்திய கயிறுகள். அவிழ்க்கவா முடியும்? வேறெதுவும் தெரியாத கை, தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. இடது கையால் ஒரு பிடி கயிற்றைச் சேர்த்துப் பிடித்தான். வலது கை இடுப்புக்குப் பின்னால் போனது. நெல் தாளை அறுக்கிற மாதிரியே அரிவாளைத் தன் பக்கமாக ஒரு இழுப்பு. ஒரு பிடி அறுந்தது. அடுத்த பிடி. அதற்கடுத்த பிடி. அறுபட்ட குடை தன்பாட்டுக்குக் கடலில் போக, அந்த ஆள் இழுபடாமல் மிதந்தார். துரைக்கண்ணு அவர் முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்க்க வைத்தான்.

கண்ணைத் திறந்த அந்த ஆள் முதலில் பார்த்தது ஓங்கியபடி இருந்த அரிவாளைத்தான். பயந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அரிவாள் பிடித்த கையையே இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார், விடவே இல்லை.

கட்டுமரத்தில் ஏற்றிப் படுக்க வைத்த பிறகு ரெத்தினம் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"தம்பி, யோசிச்சுக்க. விமானம் விழுந்தது கரையில அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும். போன் பறந்திருக்கும். நாம போய்ச் சேர்றதுக்குள்ள போலீசு வந்து நிக்கும். உன்னைத் தெக்கே முகத்துவாரத்துல எறக்கி விட்டுடறேன். சவுக்குத் தோப்புல ஒளிஞ்சிருந்து மூணு மணிக்கு வா."

"அங்க போயிட்டு வர எவ்வளவு நேரம்ணே ஆவும்?"

"நீரோட்டம் எதிர. ஒண்ணரை மணி நேரம்."

துரைக்கண்ணு மடியில் கிடந்த தலையைப் பார்த்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் முதுகு வலியில் அந்த ஆள் முனகினார். தான் எழுந்துபோனால் அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மரத்தில் ஒரு அலை ஏறினால் உருண்டுவிடுவார். மூணு மணியை நினைத்தான். பிள்ளையை நினைத்தான்.

"நேரா கரைக்கே வலிங்கண்ணே" என்றான்.

கரையில் குப்பமே கூடியிருந்தது, ஆனால் போலீஸ் இன்னும் வரவில்லை. வலைக் கொட்டகையில் ஒரு கதவைக் கழற்றிப் போட்டு அந்த ஆளைப் படுக்க வைத்தார்கள். அவர் கடல் தண்ணீராகக் கக்கிவிட்டுக் கண் சொருகிக் கிடந்தார். ரெத்தினம் துரைக்கண்ணுவைப் பிடித்து, "ஓடு, ஓடு" என்று தோப்புப் பக்கம் தள்ளினார். அப்போதுதான் கண்ணாத்தாள் ஒரு தட்டில் பழைய சோறும் உப்பும் கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள் துரைக்கண்ணுவைப் பார்த்துத் தயங்கி நின்றாள். அப்போதுதான் ரெத்தினத்துக்கும் நினைவு வந்தது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலிலிருந்து உயிரோடு ஒரு ஆளைத் தூக்கி வந்தால், தூக்கியவன் கையாலேயே அந்த ஆளுக்கு முதல் வாய்ச் சோறு ஊட்ட வேண்டும். கரைச்சோறு என்று அதற்குப் பேர். அது உள்ளே இறங்கும்வரை அந்த ஆள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. தூக்கியவனும் அந்தக் கரையை விட்டுப் போகக்கூடாது. கடல் கொடுத்ததைக் கரை வாங்கிக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஊட்டாமல் போய்விட்டால் அந்தக் கட்டுமரம் ஒரு வருஷம் கடலில் இறங்கக்கூடாது. ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

"நாந்தான் தூக்குனேன்னு சொல்லி நானே ஊட்டிடறேன்" என்று ரெத்தினம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ போ தம்பி."

துரைக்கண்ணு ஓடியிருக்கலாம். அவனுக்கு அது சாமியும் இல்லை, வழக்கமும் இல்லை. ஆனால் நாலு மாசம் இந்த வீட்டுச் சோறு. கேள்வி கேட்காமல் போட்ட சோறு.

"எனக்காகக் கடலுக்குப் பொய் சொல்லிட்டு நாளைக்கு எப்படிண்ணே மரத்தைத் தள்ளுவீங்க? மனசு வருமா?" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "நான் எந்தத் தெருன்னு உங்களுக்கே தெரியும். அந்த ஐயா என் கையால தின்பாரான்னு அதை முதல்ல பாருங்க" என்றான்.

"மெதக்க வச்ச கைதானே? அதுக்கு எந்தத் தெரு?" என்று கண்ணாத்தாள் தட்டை அவன் கையில் வைத்தாள். வைத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண் சொருகிக் கிடப்பவர் வாயில் சோற்றை எப்படி ஊட்டுவது? பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தான். அந்த ஆள் கண்ணைத் திறந்தபோது மணி பன்னிரண்டரை. அதே நேரத்துக்கு மணலில் திணறித் திணறி ஜீப்பும் வந்து நின்றது. எல்லாம் சேர்ந்து வருவதென்றால் இப்படித்தான் வரும்.

ஜீப்பிலிருந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் இராஜாங்கம், தை மாசம்தான் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தவர். அதற்கு முன்னால் இருந்தது துரைக்கண்ணுவின் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷன். அவரை மாற்றியதே துரைக்கண்ணுவைக் கைது செய்ய முடியவில்லை என்றுதான். விமானியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பியவர், சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், நீயா? உன்னால எனக்கு மெமோ, உன்னால எனக்கு டிரான்ஸ்பர். நீ இங்க காத்து வாங்குறியா?"

துரைக்கண்ணு எழுந்து நின்றான். ஓடவில்லை. "ஐயா, மூணு மணி பஸ்ஸுல எம் பொண்டாட்டி வர்றா. அதுவரைக்கும்..."

"உம் பொண்டாட்டி வர்ற பஸ்ஸுக்கு நான் காவல் நிக்கணுமா? சாயங்காலத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தியாகணும். ஏறு வண்டியில."

ரெத்தினம் குறுக்கே வந்து கரைச்சோற்றைப் பற்றிச் சொன்னார். பின்னால் நூறு, நூற்றைம்பது பேர் நெருங்கி வந்தார்கள். இராஜாங்கத்தோடு வந்தது இரண்டே போலீஸ்காரர்கள். அவர் கணக்குத் தெரிந்தவர்.

"ஒரு வாய்தானே? ஊட்டிட்டு வா" என்றார்.

துரைக்கண்ணு மண்டிபோட்டு உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினான். விமானி வாயைத் திறந்தார். உப்புக் காய்ந்து அவர் உதடு வெடித்திருந்தது. அந்த உருண்டையை அவர் பார்த்த பார்வையிலேயே பசி தெரிந்தது. கண்ணாத்தாளுக்குத் தாங்கவில்லை. யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"பெத்த புள்ள மொகத்த நாப்பது நாளாப் பாக்கல இந்தப் பய. இன்னிக்கு மூணு மணிக்குத்தான் தாயும் புள்ளையும் வருதுங்க. தோப்புல போயி ஒளிஞ்சிருந்தா பாத்திருப்பான். உங்களுக்கு இந்த ஒரு வாய் ஊட்டணுமேன்னு உக்காந்துட்டான். இது தொண்டையில எறங்குனா அவனைக் கொண்டுபோயிடுவாங்க."

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இரண்டு வருஷம் இருந்தவர் அந்த விமானி. தமிழ் நன்றாகவே புரியும். கண்ணாத்தாளைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். துரைக்கண்ணுவின் கையில் இருந்த சோற்றைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"பசிக்கல" என்றார்.

இராஜாங்கம் குனிந்தார். "சார், ஒரே ஒரு வாய். சாப்பிட்டுட்டீங்கன்னா உங்களையும் ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடறேன்."

"முதுகுல அடி. ஜீப்புல வர முடியாது. தாம்பரத்துலேர்ந்து எங்க ஆம்புலன்ஸ் வரட்டும். வயிறு சரியா இல்ல. பசிச்சதும் சாப்பிடறேன்."

"தண்ணியாச்சும் குடிங்க சார்."

விமானி கண்ணாத்தாளைப் பார்த்தார். "சோறு எறங்கற வரைக்கும் தண்ணியும் கூடாதுங்க" என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்ப தண்ணியும் வேண்டாம்" என்றார் அவர்.

இராஜாங்கத்துக்கு விஷயம் விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "சார், நீங்க வேணும்னே பண்றீங்க" என்றார்.

"வேணும்னேதான்" என்றார் விமானி.

அதற்கு மேல் அந்த மனுஷன் என்ன செய்வார்? கடலில் விழுந்து பிழைத்த ராணுவ அதிகாரியின் வாயைப் பிடித்துத் திறக்கவா முடியும்? கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகில் போய் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல" என்று யாரிடமோ சொன்னார்.

கொட்டகைக்குள் வெயில் இறங்கியது. துரைக்கண்ணு தட்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். விமானியின் பேர் பெஞ்சல ரெட்டி. நெல்லூர்ப் பக்கம். எஞ்சின் நின்றபோது எப்படி இருந்தது என்று துரைக்கண்ணு கேட்டான்.

"சத்தமே இல்ல. அதுதான் பயம். கீழ பாத்தேன், அறுப்பு நடக்குது. எல்லாரும் குனிஞ்சிருக்காங்க, ஒருத்தர்கூட நிமிரல. அதான் கடல் பக்கம் திருப்பிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "எங்க ஊரும் நெல்லுதான். அப்பாவுக்கு அறுபது ஏக்கர்."

துரைக்கண்ணு அவரைப் பார்த்தான். பண்ணையார் வீட்டுப் பிள்ளையையா தூக்கிக்கொண்டு வந்தோம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. "அங்க அறுப்புக்கு என்ன கூலிங்க சார்?" என்று கேட்டான்.

பெஞ்சல ரெட்டி யோசித்தார். முகம் மாறியது. "தெரியாது" என்றார். "கேட்டதே இல்ல."

அவர் நாக்கால் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். நாக்கிலும் ஈரம் இல்லை. கண்ணாத்தாள் வைத்துவிட்டுப் போன தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. துரைக்கண்ணு அதை எடுத்துப் பின்னால் மறைத்து வைத்தான், பார்த்தால் இன்னும் தவிக்குமே என்று. இரண்டு மணிக்கு அவன் மனசு கேட்கவில்லை.

"சாப்பிட்டுடுங்க சார். உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும். புள்ளைதானே, எங்க போயிடும்? ஜாமீன்ல வந்து பாத்துக்கறேன்."

பெஞ்சல ரெட்டி தலையை மட்டும் ஆட்டினார்.

மூணு மணி ஆயிற்று. செவ்வந்தி வரவில்லை. மூணேகால் ஆயிற்று. இராஜாங்கம் எழுந்து வந்தார். எழுந்து வந்தவர் விமானியின் உதட்டைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கடைசியில் போலீஸ்காரரைத் திட்டினார்: "ஏய்யா, இந்த மாயவரம் பஸ் என்னிக்குய்யா நேரத்துக்கு வந்திருக்கு?" மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூணே முக்காலுக்குச் செவ்வந்தி மணல் மேட்டில் தெரிந்தாள். தோளில் பழம்புடவையில் சுற்றிய பொட்டலம். மேட்டின் மேல் வந்தவள் ஜீப்பைப் பார்த்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாள். பார்த்த மறு நொடி வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தாள். தன்னைப் பின்தொடர்ந்துதான் போலீஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள் பாவம். துரைக்கண்ணு தட்டோடு எழுந்தான்; எழுந்தவன் போலீஸைப் பார்த்து நின்றுவிட்டான். கண்ணாத்தாள்தான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அந்த மணலில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. மேட்டில் அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்வதும், செவ்வந்தி உட்கார்ந்துவிடுவதும், பிறகு எழுந்து வருவதும் தெரிந்தது.

வந்தவள் பிள்ளையை அவன் முன்னால் நீட்டினாள். அவன் கையை வேட்டியில் துடைத்தான், துடைத்தது போதாது என்று மறுபடியும் துடைத்தான், பிறகு வாங்கிக்கொண்டான். பெண் பிள்ளை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயைக் கோணி, யார் மேலோ கோபம் மாதிரி முகத்தை வைத்திருந்தது. மூக்கு செவ்வந்தி மூக்கு. நெற்றி யாருடையது என்று தெரியவில்லை. துரைக்கண்ணு அழுதான். நூற்றைம்பது பேர் பார்க்க, போலீஸ் பார்க்க, சத்தமில்லாமல் அழுதான்.

"எளைச்சுட்டீங்க" என்றாள் செவ்வந்தி. "பேரு வைக்கல. நீங்க வந்து வைக்கட்டும்னுட்டேன்."

விமானி பேரையும் கடல் பேரையும் கலந்து வைப்பான் என்று அங்கே நின்றவர்கள் நினைத்திருக்கலாம். அவன் தன் அம்மா பேரைத்தான் வைத்தான். பிள்ளையின் காதில் வாயை வைத்து, "அமிர்தம்" என்று மூன்று தரம் சொன்னான்.

இராஜாங்கம் செருமினார். "நேரமாச்சு" என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை. பிறகு நினைவு வந்தவராக, "அந்த அருவா எங்க? கேஸுக்கு வேணும், எடு" என்றார்.

அரிவாளைப் பெஞ்சல ரெட்டி முன்பே வாங்கித் தன் போர்வைக்கு அடியில் வைத்திருந்தார். "அது விமானப்படை பாராசூட்டை அறுத்தது. எங்க விசாரணைக்கு வேணும்" என்றார் அவர். வறண்ட தொண்டையில் பாதி வார்த்தைதான் வந்தது. "கேஸ் முடிஞ்சதும் இவரே வந்து என்கிட்ட வாங்கிக்குவார்." இராஜாங்கம் அதற்கு மேல் கேட்கவில்லை.

துரைக்கண்ணு பிள்ளையை இடது கையில் அணைத்தபடி மண்டிபோட்டு உட்கார்ந்தான். தட்டில் சோறு காய்ந்துபோயிருந்தது. கொஞ்சம் எடுத்து உருட்டினான். பெஞ்சல ரெட்டி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டவர் மெல்ல ஆரம்பித்தார். அப்படி மெல்லுவதை அந்தக் குப்பம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எச்சில் இல்லாத வாயில் காய்ந்த சோறு. வலப்பக்கம் மென்றார், இடப்பக்கம் மென்றார், மறுபடியும் வலப்பக்கம் கொண்டுவந்தார். கண் மட்டும் பிள்ளையின் மேலேயே இருந்தது. பிள்ளை கொட்டாவி விட்டது. அப்பன் விரலைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போயிற்று.

"முழுங்கிட்டாரா?" என்று இராஜாங்கம் ஜீப்புப் பக்கமிருந்து கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றாள் கண்ணாத்தாள்.

கால் மணி நேரம் இருக்கும். இராஜாங்கம் மறுபடி கேட்டார். கண்ணாத்தாள் அதையே சொன்னாள். மூன்றாம் முறை அவர் கேட்கவே இல்லை. கையில் எடுத்த விலங்கை ஜீப்பின் சீட்டுக்கடியில் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெஞ்சல ரெட்டியின் தாடை களைத்துப்போனது துரைக்கண்ணுவுக்குத் தெரிந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்துப் பக்கத்தில் தயாராக வைத்தான். பிள்ளையை இன்னொரு தரம் பார்த்தான், நெற்றியிலிருந்து கால் விரல் வரைக்கும்.

"போதும் சார்" என்றான். "நல்லாப் பாத்துட்டேன். முழுங்குங்க."

அவர் முழுங்கினார்.